துடைக்கத் துடைக்கத் தேயும் மேனி

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் துடைப்பது பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு வரும் ஒருவரின் வேலையாகவே இருக்கிறது. விடியும் முன்பே ஒரு வாளித் தண்ணீரோடும் ஒரு துணியோடும் வரும் அவர், தரைத்தளத்தில் நிற்கும் கார்கள் அத்தனையையும் அந்த ஒரே துணியால் துடைத்து முடித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறார். எட்டரை மணிக்கு அலுவலகம் கிளம்புகிறவருக்கு வண்டி பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து அதே வண்டியை நடுப்பகல் வெயிலில் நிறுத்திப் பார்த்தால், குறிப்பாக அது கறுப்பாகவோ அடர்நீலமாகவோ இருந்தால், பானட்டில் தெரியும் சூரியப் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் மின்னுவதைக் காணலாம். உரிமையாளர் பெயின்டின் தரத்தைக் குறை சொல்வார், அல்லது வெயிலைக் குறை சொல்வார். ஆனால் நாள் தவறாமல் நடந்த அந்தத் துடைப்புதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். காரின் வெளிப்புறத்தைக் காப்பது, அதன்மேல் எதைப் பூசுகிறோம் என்பதைவிட, அதை எத்தனை முறை, எதைக்கொண்டு தொடுகிறோம் என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறது. பல ஆண்டுகளாக என் காரை நானே கழுவி வருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

இதைப் புரிந்துகொள்ள, காரின் மேல் இருக்கும் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் வெற்றுத் தகட்டுக் கூடு முதலில் ஒரு பெரிய தொட்டிக்குள் முழுவதுமாக முக்கப்பட்டு, மின்சாரத்தின் துணையோடு துருத் தடுப்புப் பூச்சைப் பெறுகிறது. அதன்மேல் பிரைமர், அதற்கு மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்குகள் ஏறுகின்றன. இவை அனைத்தையும் சேர்த்தாலும் மொத்தக் கனம் பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் வரும். நாம் அச்சிடப் பயன்படுத்தும் சாதாரணத் தாளின் கனமே ஏறத்தாழ 100 மைக்ரான். இந்த மொத்தத்தில் பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வேதிப்பொருளைக் கொண்டிருப்பதுமான கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். கீறல் விழுவதும் இதில்தான். பாலிஷ் போடும்போது தேய்ந்து குறைவதும் இதுதான்.

தொழிற்சாலையில் துருத் தடுப்புப் பூச்சு 170 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலும், மேல் பூச்சுகள் 140 பாகையை ஒட்டிய வெப்பத்திலும் சுடப்படுகின்றன. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் வயர்களும் பொருத்தப்படுவதற்கு முன்பே, வெறும் கூடாக இருக்கும்போதே இது நடந்துவிடுகிறது. முழுவதும் பூட்டிய வண்டியை அவ்வளவு சூட்டில் வைக்க முடியாது என்பதால், பட்டறையில் மறுபடி பெயின்ட் அடிக்கும்போது ஏறக்குறைய 60 பாகையில் காயும் வேறு வகைப் பெயின்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். தூசி புகாத நல்ல பெயின்ட் அறை (பூத்) உள்ள இடத்தில் கைதேர்ந்த பெயின்டர் செய்தால் அதுவும் அழகாகவே வரும் என்றாலும், தொழிற்சாலையில் வந்த பூச்சு போனால் போனதுதான். எனவே அதை உரசி உரசி வீணாக்காமல் வைத்துக்கொள்வது சிக்கனமும்கூட.

உரசுவது எது என்று பார்த்தால், பலரும் எண்ணுவதுபோலத் துணி மட்டும் இல்லை. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் சிக்கும் மணல்தான் கீறுகிறது. தெருத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைய உண்டு. எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7, கண்ணாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை. கண்ணாடியையே கீறக்கூடிய ஒரு துகளை, பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த கிளியர் கோட்டின்மீது அழுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. மெட்ரோ ரயில் பணிகள் நடக்கும் ஆற்காடு சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் தினமும் போய் வருகிற வண்டியில், இந்த மணலோடு சிமென்ட் தூசும், எம்-சாண்ட் லாரிகள் உதிர்த்துச் செல்லும் கல்தூளும் சேர்ந்துகொள்கின்றன. தூசி தானாகப் படிந்து கிடக்கும்வரை பெயின்டுக்குப் பெரிய கேடு எதுவும் செய்வதில்லை. அதைக் காய்ந்த துணியாலோ, தலைமுறை தலைமுறையாகக் கார்களுக்கென்றே விற்கப்படும் அந்த மஞ்சள் துணியாலோ, திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்டாலோ இழுக்கும்போதுதான் சேதம் தொடங்குகிறது. பனியன் வேஸ்டில் தையல் விளிம்புகளும் சில சமயம் பட்டன்களும்கூட இருக்கும். எண்ணெய் துடைக்க அருமையான பொருள், பெயின்டின் பக்கத்தில் வரவே கூடாதது.

ஆகவே கழுவுவதில் ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லச் சொன்னால், தண்ணீர் தன்னால் எடுத்துச் செல்லக்கூடிய அழுக்கு முழுவதையும் அது எடுத்துச் சென்ற பிறகே கை வைக்க வேண்டும் என்பேன். வண்டியை நிழலில் நிறுத்தி, பானட்டைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஓடவிட வேண்டும். வீட்டில் சிறிய பிரஷர் வாஷர் இருந்தால் நல்லது. சாதாரண ஹோஸ் பைப்பும் போதும். அதன் பிறகு ஷாம்பு நுரையைத் தெளித்து, அது காய்ந்துவிடாமல் நான்கைந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடியும் தண்ணீரால் அலசினால், மண்ணில் பெரும்பகுதி யாருடைய கையும் படாமலே கீழே போய்விடும். நுரை காய்ந்தால் அதுவே கறையாகும் என்பதால், மே மாதத்தில் காலை ஏழு மணிக்குப் பிறகு இந்த வேலையை நான் தொடங்குவதில்லை.

கை வைக்கும் கட்டத்தில் இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், அதை வெறும் நீரில் நன்றாக அலசிய பிறகே மீண்டும் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். வாளியின் அடியில் துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டைப் போட்டுவிட்டால், கீழே படியும் மணல் மறுபடி கலங்கி மேலே வராது. இதற்கென்று விற்கும் தட்டு கிடைக்காதவர்கள் வாளிக்குள் அடங்கும் சல்லடைத் தட்டு எதையும் போடலாம். கூரை, கண்ணாடிகள், பானட், கதவுகளின் மேற்பாதி என்று இறங்கி, சேறு மிகுந்த கதவின் அடிப்பகுதியையும் பம்பரையும் கடைசியில் தொட வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி, தனி வாளி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் பட்ட துணியைக் கதவுக்குக் கொண்டுவருவது, தெரிந்தே கீறுவதற்குச் சமம். தேய்க்கும்போது வட்டமாகச் சுழற்றாமல் நேர்க்கோட்டில் இழுக்கச் சொல்வார்கள். அதிலும் அழுத்தம் இல்லாமல், கையுறையின் எடை மட்டும் படும்படி இழுத்தால் போதும்.

காய வைப்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். இவ்வளவு கவனமாகக் கழுவிய வண்டியைப் பழைய டர்க்கித் துண்டால் அழுத்தித் துடைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, ஈரத்தின் மேல் படரவிட்டு மெல்ல இழுத்தால் அது தண்ணீரைக் குடித்துவிடும். இந்தத் துண்டுகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களைச் சேர்க்கக் கூடாது. அவை இழைகளின்மேல் படிந்து, நீர் உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும். தரையில் விழுந்த துண்டைத் துவைக்காமல் மறுபடி வண்டியில் வைப்பதும் கூடாது. இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள் என்றாலும், நான் இதில் தளர்வதாக இல்லை.

சோப்பு விஷயத்தில் நம் ஊரில் கைக்குக் கிடைத்ததெல்லாம் பயன்படுகிறது. துணி துவைக்கும் பவுடரில் காரத்தன்மை அதிகம். முழுதாகக் கரையாத துகள்கள் உரசவும் செய்யும். பாத்திரம் கழுவும் திரவம் ஒருமுறை பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு, அப்படியெல்லாம் ஆகாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட அந்தத் திரவம், நாம் பூசிவைத்த மெழுகையும் சேர்த்துக் குறைத்துவிடும். கையுறை வழுக்கிச் செல்லத் தேவையான வழவழப்பும் அதில் போதாது. கார் ஷாம்பு என்று தனியாக விற்பதில் இந்த வழவழப்புதான் முக்கியம். அமில, காரத்தன்மை இல்லாத நடுநிலையான ஷாம்பு ஒன்றை ஒரு லிட்டர் புட்டியாக வாங்கிவைத்தால் வெகுகாலம் வரும். விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள், ஒரு வாட்டர் வாஷுக்குக் கொடுக்கும் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர்தான் சென்னையில் பெரிய சிக்கல். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 2000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. நீரின் கடினத்தன்மைக்கு, அதாவது அதில் கரைந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகளுக்கு, அதே முறையில் 200, 600 என்று எல்லை வைத்திருக்கிறது. நகரின் போர்வெல் தண்ணீரில் பெரும்பகுதி இந்த முதல் எல்லையைத் தாராளமாகத் தாண்டுவது. அந்த நீர் பானட்டில் சொட்டுச் சொட்டாக நின்று வெயிலில் காய்ந்தால், கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகப் பதிந்துவிடும். ஆரம்பத்தில் அவை மேலோட்டமான உப்புப் படிவுதான். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபரில் நனைத்துச் சற்று நேரம் ஒற்றி வைத்துவிட்டு அலசினால் கரைந்து போகும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் படிவின் விளிம்பு கிளியர் கோட்டிலேயே பள்ளமாகப் பதிந்துவிடும். பிறகு பாலிஷ்தான் வழி.

இதற்கு எங்கள் வீட்டில் செலவில்லாத ஒரு தீர்வு உண்டு. ஏசியிலிருந்து குழாய் வழியாக வெளியே சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது. அதில் உப்பு ஏறக்குறைய கிடையாது. கோடையில் இரவு முழுவதும் ஏசி ஓடினால் காலையில் ஒரு வாளி சேர்ந்துவிடுகிறது. கழுவுவதற்குப் போர்வெல் நீரும், கடைசி அலசலுக்கு மட்டும் இந்த ஏசி நீரும் என்று வைத்துக்கொண்டால், கறுப்பு வண்டியில்கூட உப்புத் தடம் தெரிவதில்லை. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரையும் சேமித்துக் கார் கழுவலாமே என்று சிலர் கேட்பார்கள். அது நேர்மாறானது; வடிகட்டப்பட்ட உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. தரையைக் கழுவ அதைப் பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம்.

தண்ணீரின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன நாட்களை நேரில் பார்த்த ஊர் இது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட காலங்களுக்காக, அலசத் தேவையில்லாத கழுவு திரவம் ஒன்று வந்திருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீரில் மூடியளவு கலந்து, முதலில் தெளிப்பானால் வண்டியை நன்றாக நனைத்து, பிறகு அந்தக் கரைசலில் ஊறிய ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒருபுறம் துடைத்ததும் மறுபுறம் திருப்பி, அழுக்கான பக்கத்தை மறுபடி பெயின்டில் படவிடாமல் முடிப்பது இதன் முறை. துகள்களைச் சூழ்ந்துகொண்டு வழுக்கச் செய்யும் பொருட்கள் அந்தத் திரவத்தில் இருப்பதால், இலேசான தூசிக்கு இது பாதுகாப்பானது. சேறு படிந்த வண்டிக்கு இது ஒத்துவராது.

இனி, தினமும் துடைக்க வருகிறவரின் விஷயம். அவர்மீது குறை சொல்வது நியாயமில்லை. நாம் கேட்டதைத்தான் அவர் செய்கிறார். துடைப்பதை நிறுத்திவிடச் சொன்னபோது எங்கள் குடியிருப்பில் வருகிற அண்ணன், “தினமும் தொடலேன்னா வேலைக்கே வரலைன்னு நினைச்சுக்குவாங்க சார்” என்றார். அவர் கவலை அவருக்கு. சம்பளத்தில் எதையும் குறைக்காமல், தினமும் முன், பின் கண்ணாடிகளையும் பக்கக் கண்ணாடிகளையும் மட்டும் துடைப்பது, வாரம் ஒருமுறை மேற்சொன்ன முறையில் கழுவுவது, எங்கள் வண்டிக்கென்று நாங்கள் தரும் கையுறையையும் துண்டையும் மட்டுமே பயன்படுத்துவது என்று பேசி முடிவு செய்துகொண்டோம். வண்டியின்மேல் நான்கு நாள் தூசி இருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஏதாவது சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். மெழுகு தடவிய நூல் துடைப்பானால் தினமும் தட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மாடியில் மூடிய இடத்தில் நிற்கும் வண்டியின் மென்தூசிக்கு அது பரவாயில்லை, தெருமணல் படிந்த வண்டிக்கு அதுவும் உரசல்தான்.

வாரம் ஒருமுறை என்ற இந்தக் கணக்குக்கு அடங்காத அழுக்குகள் சில உண்டு. அவற்றில் முதலாவது பறவை எச்சம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதோடு, வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட், காய்ந்து இறுகும் எச்சத்தின் வடிவத்தையே ஏற்றுக்கொண்டு குளிரும்போது அப்படியே நின்றுவிடுகிறது. காலையில் விழுந்தது மாலைக்குள் தடம் பதித்துவிடக்கூடும் என்பதால், காருக்குள் ஒரு சிறு தெளிப்பானும் ஒரு துணியும் எப்போதும் இருக்க வேண்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், நனைந்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டுவைத்து ஊறிய பிறகு வழித்தெடுக்க வேண்டும். அடுத்தது மரத்தடி. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் எவ்வளவு சுகமானதோ, அதன் கீழ் நின்ற காரின் கண்ணாடி அவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கும். இந்தப் பிசுபிசுப்பில் பெரும்பகுதி மரத்தின் பால் இல்லை; இலைகளிலும் கிளைகளிலும் இருந்து சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் கழிக்கும் சர்க்கரைத் திரவம். அது தண்ணீரில் கரையும் என்பதால் அன்றன்றே கழுவினால் தொல்லையில்லை. கிடந்தால் தூசியை ஒட்டவைத்துக்கொண்டு இறுகும்; அதன்மேல் கரும்பூஞ்சையும் வளரும்.

புதிதாகப் போட்ட சாலையில் போய்வந்தால் சக்கரத்தின் பின்பகுதியில் தார்ப்புள்ளிகள் ஒட்டும். மண்ணெண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் புள்ளியின்மேல் மட்டும் வைத்து இளகவிட்டுத் துடைப்பது பட்டறைக்காரர்களின் பழைய வழி. அது வேலை செய்யும். உடனே அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், ரப்பர் பட்டைகளில் படவிடக் கூடாது. மேம்பாலப் பணி நடக்கும் இடத்தில் சிமென்ட் குழம்பு சொட்டினால் அதைக் காயவிடாமல் அப்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காய்ந்த சிமென்டை நகத்தாலோ பிளேடாலோ பெயர்க்க முயல்வது பெயின்டையும் சேர்த்துப் பெயர்க்கும்.

ஆயுத பூசையையும் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. பானட்டில் வைக்கும் சந்தனம் காய்ந்து இறுகும். கடையில் விற்கும் குங்குமத்தில் பலவற்றில் செயற்கைச் சாயம் இருப்பதால், வெள்ளை வண்டியில் அது இளஞ்சிவப்புக் கறையாகத் தங்கிவிடுவதுண்டு. பூசை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் அம்மா வைக்கும் பொட்டை யார் தடுப்பது? பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்துவிட்டால் தீர்ந்தது. மாலையைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால், நாரும் நூலும் காற்றில் அடித்து அடித்துப் பானட்டின் நுனியைத் தேய்க்கும் என்பதால் ஊரைச் சுற்றி வந்ததும் மாலையைக் கழற்றிவிடுவது நல்லது.

கழுவிய பிறகும் பெயின்ட் சொரசொரப்பாக இருந்தால், அதற்குள் ஏதோ பதிந்திருக்கிறது என்று பொருள். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்த்தால் இது துல்லியமாகத் தெரியும். பெரும்பாலும் அது பிரேக்கிலிருந்தோ ரயில் பாதையிலிருந்தோ பறந்துவந்து தைத்த இரும்புத் துகள். வெள்ளை வண்டிகளில் இதுதான் செம்புள்ளிகளாகத் துருப்பிடித்துத் தெரிகிறது. வண்டியே துருப்பிடித்துவிட்டதாக எண்ணிப் பதறுகிறவர்கள் உண்டு. இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளித்தால் துகள்களோடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழிந்தோடும். அழுகிய முட்டையை ஒத்த அதன் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சியதை எடுக்கக் களிமண் போன்ற கிளே பார் இருக்கிறது. வழவழப்பான திரவத்தைத் தெளித்தபடி அதைத் தேய்த்தால் புடைத்து நிற்பவற்றைப் பறித்துக்கொள்ளும். அதுவும் உரசல்தான் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். கீழே விழுந்த கிளே பாரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பட்டறைகளில் ‘ரப்பிங் பாலிஷ்’ என்று சொல்லி, சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பாலிஷ் எதையும் கூட்டுவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைத்துத்தான் பளபளப்பை வரவழைக்கிறது. நாற்பது மைக்ரான் மட்டுமே உள்ள அடுக்கில் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு, சில சமயம் நான்கைந்து என்று எடுத்துக்கொண்டே போனால், பானட்டின் மடிப்புகளிலும் கதவின் விளிம்புகளிலும் முதலில் வெளுப்பு தட்டும். நல்ல கைக்காரர் பெயின்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். அப்படி அளக்காமல், ஒரே திசையில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினைப் பொது இடத்தில், வெயிலில், கழுவாத வண்டியின்மேல் வைக்கிறவரிடம் என் வண்டியைக் கொடுக்கமாட்டேன். வண்டியின் வாழ்நாளில் இரண்டு முறை முறையான பாலிஷ் போதும். சரியாகக் கழுவி வந்தால் அதுவும் தேவைப்படாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் பூச்சுகளின் பேச்சு. கார் மெழுகுகளில் பெயர் பெற்ற கார்னோபா, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. விசிறி ஓலைகொண்ட அந்த மரத்தைப் படத்தில் பார்த்தால் நம் பனையின் உறவென்று உடனே சொல்லிவிடலாம். வறண்ட பருவத்தில் நீரிழப்பைக் குறைக்க ஓலையின்மேல் அது பூசிக்கொள்ளும் மெழுகைத்தான், ஓலையை உலர்த்தித் தட்டி எடுக்கிறார்கள். 82 முதல் 86 பாகை செல்சியஸில் உருகும் இந்த மெழுகு, கையால் பூசி மிருதுவாகத் துடைத்தால் தரும் மினுமினுப்புக்கு இணையில்லை என்பது என் எண்ணம். ஆனால் மே மாத வெயிலில் கறுப்புப் பானட் 60, 70 பாகையைத் தொடும் ஊரில், அது ஒரு மாதம் நின்றாலே பெரிது. செயற்கைப் பாலிமர்களால் ஆன சீலன்ட் நான்கைந்து மாதம் தாக்குப்பிடிக்கும், பூசுவதும் எளிது. என் வண்டிக்கு நான் போடுவது இதைத்தான்: சித்திரை வெயில் தொடங்கும் முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை.

ஷோரூமில் புது வண்டி எடுக்கும்போது டெஃப்ளான் கோட்டிங் என்று ஒன்றை வற்புறுத்துவார்கள். தோசைக்கல்லில் டெஃப்ளான் ஒட்டி நிற்பதற்குக் காரணம், 327 பாகையில் உருகும் அந்தப் பொருளை அதற்கும் மேலான சூட்டில் உலோகத்தின்மேல் இறுக்குவதே. காரை அப்படிச் சுட முடியாது என்பதால், அந்தப் பெயரில் பூசப்படுவது நடைமுறையில் ஒரு சாதாரண சீலன்டின் வேலையைத்தான் செய்யும். அந்தப் பணத்துக்கு நல்ல ஷாம்பும் கையுறையும் துண்டுகளும் ஒரு சீலன்டும் வாங்கிவிடலாம்.

செராமிக் கோட்டிங் இதைவிட உண்மையான பொருள். சிலிக்கான் சேர்மங்கள் பெயின்டோடு பிணைந்து, ஒன்றிரண்டு மைக்ரான் அளவில் கண்ணாடித்தன்மையுள்ள படலமாக இறுகுகின்றன. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும்; அழுக்கு எளிதில் விடும்; பராமரித்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘9எச் கடினம்’ என்பதை மோஸ் அளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மோஸ் அளவில் 9 என்றால் நீலக்கல்லின் கடினம். இந்த 9எச் பென்சில் சோதனையின் அளவு. அந்தச் சோதனையில் வழக்கமாக மிகக் கடினமானதாகக் கொள்ளப்படும் 9எச் பென்சிலால் கீறியும் தடம் விழவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பென்சிலின் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். தெருவில் இருப்பது குவார்ட்ஸ். எனவே செராமிக் போட்ட பிறகு வண்டியில் கீறலே விழாது என்று நம்பி, பழைய வாளியையும் பழைய துணியையும் தொடரவிட்டால், பல்லாயிரம் ரூபாய்ப் படலம் அதே வட்டக் கீறல்களோடு மின்னும். போர்வெல் நீரின் உப்புத் தடமும் அதில் நன்றாகவே பதியும். முத்தாக நிற்கும் ஒவ்வொரு துளியும் காய்ந்தால் ஒரு வட்டம்.

கல்லடியிலிருந்தும் உரசலிலிருந்தும் உண்மையில் காப்பது, பி.பி.எஃப். என்று அழைக்கப்படும் பாலியூரித்தேன் படலம் ஒன்றுதான். 150 முதல் 200 மைக்ரான் கனம், அதாவது மொத்தப் பெயின்டைவிடக் கூடுதல். இலேசான கீறல்கள் வெயிலின் சூட்டிலேயே மறைந்துவிடும். முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு பெரும்பாலும் லட்சத்தில்தான் வரும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுகிறவர்கள் பானட்டின் முன்பகுதி, முன் பம்பர், பக்கக் கண்ணாடிகளின் பின்புறம், கதவுக் கைப்பிடிகளின் குழிவு ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டிக்கொள்வது செலவுக்கும் பயனுக்கும் பொருந்தும்.

கார் கவரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தூசி படிந்த வண்டியின்மேல் கவரைப் போட்டு இழுப்பதும், காற்றில் அது படபடப்பதும், இதுவரை சொன்ன உரசலின் இன்னொரு வடிவம். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள், வண்டியைக் கழுவி முழுவதும் காயவைத்து, உள்பக்கம் மென்துணி வைத்த, காற்று போகக்கூடிய கவரைப் போட்டு இறுக்கிக் கட்டலாம். தினமும் எடுக்கிற வண்டிக்குக் கவர் வேண்டாம். நிழல் இருந்தால் போதும்.

முன்விளக்குகளின் மேல்மூடி பாலிகார்பனேட்டால் ஆனது. அதன்மேல் உள்ள பாதுகாப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்ததும் மஞ்சளிக்கத் தொடங்கும். பற்பசையால் தேய்த்தால் சில வாரம் தெளிவாக இருக்கும், பிறகு முன்னைவிட வேகமாக மஞ்சளிக்கும். நீர்த்தாளால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால், படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சையும் போட்டால்தான் நிலைக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளுக்கும் டயருக்கும் எண்ணெய்ப் பசை தரும் மலிவான பளபளப்புப் பூச்சை (டிரஸ்ஸிங்) தவிர்த்து, நீர் அடிப்படையிலானதைப் பயன்படுத்தலாம். காய்ந்த தூசி படிந்த முன்கண்ணாடியில் வைப்பரை ஓடவிடாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் செய்வதில்லை.

மழைக்காலத்துக்கு வருவோம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று மேல் பெயின்டைவிட, கல்பட்டுத் தோல் போன இடங்களையும் அடிப்பாகத்தையும்தான் முதலில் தாக்கும். தகடு தெரியும் அளவுக்குக் கல்லடி பட்ட இடத்தை, சிறியதென்று விடாமல் டச்சப் பெயின்டால் மூடிவிட வேண்டும். கதவுகளின் கீழ்விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் நிற்கும் தட்டின் இரு மூலைகளிலும் வடிகால் உண்டு. மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் இவை சருகால் அடைபட்டு, தண்ணீர் உள்ளே தேங்கித் துருவையும் நாற்றத்தையும் உண்டாக்கும். ஐப்பசி தொடங்கும் முன் ஒரு குச்சியால் துளைகளைச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றி அது வடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் ஏறிய தெருக்களில் நின்ற கார்களின்மேல், வெள்ளம் வடிந்ததும் மெல்லிய வண்டல் ஒரு படலமாக இறுகியிருந்தது. அடுத்த ஆண்டு மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியவர்கள் அந்த அனுபவத்தை மறந்தவர்கள் இல்லை. வெள்ளத்தில் நின்ற காரை எடுத்தால், எஞ்சினைப் பற்றிய முடிவை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, வெளிப்புற வண்டலைத் துணியால் தொடாமல் ஈரச் சாக்கையோ பழைய போர்வையையோ நனைத்துப் போட்டு அசைக்காமல் ஊறவிட வேண்டும். பிறகு அதை இழுக்காமல் தூக்கி எடுத்து, சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் சேர்த்துத் தெளிந்த நீர் வரும்வரை பைப்பால் அலச வேண்டும். சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் தங்கும் சேறு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால், அந்த உறையைக் கழற்றிக் கழுவித் தரச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் அவர்கள் கழற்றுவதில்லை.